மூன்றாவது சுடர்

கண்ணாடித் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு உத்திரமேரூர் திரும்பிய ஷாரோன், சொந்தமாக எடுத்த முதல் வேலை கிருஷ்ணசாமியின் புது வீடு. கூடத்தின் மேற்கு ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. வெளிச்சம் வரும், வெக்கை வராது என்று சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்திருந்தாள். அவர் வயலில் களை பறித்தவள் அவளுடைய அம்மா. அவருக்கு ஷாரோன் இன்னும் 'மங்கம்மா பொண்ணு'தான்.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள், மூன்று மணி. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். இவ்வளவு சுடக் கூடாது.

கூட்டாளி எல்லப்பனை வெளியே வெளிச்சத்தை மறைத்துத் தார்ப்பாய் பிடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே தீக்குச்சியைக் கிழித்தாள். இரண்டு கண்ணாடிக்கும் சேர்த்து நான்கு முகம், முகத்துக்கு ஒன்றாக நான்கு சுடர்கள் தெரிந்தன. வெப்பத்தைத் தடுக்கும் பூச்சு இருக்கும் முகத்தில் மட்டும் சுடர் நிறம் மாறும். உள்ளிருந்து எண்ணினால் அது மூன்றாவதாக இருக்க வேண்டும். இரண்டாவது சிவந்திருந்தது.

"யாருண்ணே திருப்பி மாட்டுனது?"

"நீ சிலிகான் வாங்கப் போனியே, அப்ப வூட்டுக்காரருதாம்மா சொன்னாரு. ஸ்டிக்கரு உள்ள பாத்துக்கினு கீது, வரவன் போறவனுக்கு எப்பிடித் தெரியும்னாரு."

புது சாமானில் ஸ்டிக்கரை உரிக்காமல் ஊருக்குக் காட்டுவது அங்கே வழக்கம்.

கிருஷ்ணசாமி ஒப்பவில்லை. "விடிஞ்சா பால் காய்ச்சணும். இப்பப் போயி கழட்றேன்ற. ஒடஞ்சா இன்னா ஆவறது? விசேசம் முடியட்டும்."

"நாளைக்கு ஊரே இங்க குந்தி வேர்த்து ஊத்தும் ஐயா. ஷாரோன் போட்ட கண்ணாடி இவ்ளோதான்னுட்டுப் போவாங்க. ஒடஞ்சாலும் எனக்கு அதே பேருதான்."

"அப்ப ஸ்டிக்கரு?"

வெயிலில் இளகியிருந்த அதை நகத்தால் கிழியாமல் உரித்து, திருப்பி மாட்டியதும் வெளியே தெரியும்படி மறுபக்கம் ஒட்டினாள். அவர் ஜன்னலடியிலிருந்து விலகி நின்றார்.

சிலிகான் பிசினைக் கத்தியால் அறுத்து, கண்ணாடியைக் கவ்வித் தூக்கும் உறிஞ்சுபிடியைப் பொருத்தினார்கள். எல்லப்பன் முருகனைக் கூப்பிட்டார். "நீயும் இயேசுவ ஒரு கொரலு கூப்புட்டுக்கோம்மா."

"வரட்டும், ஆளுக்கொரு பக்கம் புடிக்கட்டும். நீ தூக்குண்ணே."

திருப்பி மாட்டியாயிற்று. உடையவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு, வந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அந்த ஜன்னலடியில்தான் பாய் விரித்துத் தூங்கினார்கள். பந்தலில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்த ஷாரோனுக்குக் கண்ணாடி வழியே அது தெரிந்தது. தாமல் ஊரிலிருந்து வந்த கிருஷ்ணசாமியின் மைத்துனர் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்து என்னவோ கேட்டார். கிருஷ்ணசாமி அவள் பக்கம் கையைக் காட்டி என்னவோ சொன்னார். இரட்டைக் கண்ணாடி சத்தத்தையும் விடாது.

தாமல்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு பந்தலுக்கு வந்தார்.

"இங்க ஷாரோனுன்றது யாரும்மா?"

வலது கை இலையில் இருக்க, அவள் இடது கையைத் தூக்கினாள்.