காலமானவருக்கு வந்த இறுதி அறிவித்தல்

என் மனைவி இறந்து பதினான்கு மாதங்களுக்குப் பிறகு அவளுடைய பெயருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தபாற்காரர் படலையடியில் மணியடித்து உறையை நீட்டினார். நீட்டும்போது பெயரை வாசித்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்க்காமலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

உறையைத் திறக்காமல் மேசையில் வைத்துவிட்டு அதன் எதிரே இருந்தேன். முப்பத்துநான்கு வருடங்கள் மாவட்ட அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவன் நான். ஒருவர் இறந்தால் யார் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஓய்வூதியப் பிரிவு, இரண்டு வங்கிகள், மின்சார சபை, திருச்சபைப் பதிவேடு என்று பதினோர் இடங்களுக்கு மரணச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியை அனுப்பியிருந்தேன். பதினொன்றிலிருந்தும் பதில் வந்திருந்தது. இது எங்கிருந்து வந்தது? நான் மறந்துபோன பன்னிரண்டாவது இடமா?

கடிதம் கனமான தாளில் இருந்தது. மேலே கழுகு போன்ற ஒரு முத்திரை. உங்கள் இணையத்தளப் பெயர் காலாவதியாகப் போகிறது, இது இறுதி அறிவித்தல், குறித்த திகதிக்குள் புதுப்பிக்காவிட்டால் பெயரை இழப்பீர்கள், அதை வேறு எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கீழே வெட்டி அனுப்புவதற்கான ஒரு துண்டு, கையொப்பமிடக் கோடு, அட்டை இலக்கம் எழுதக் கட்டங்கள்.

அவள் கணித ஆசிரியை. மிஷன் பெண்கள் பாடசாலையிலிருந்து இளைப்பாறிய பிறகு, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காகத் தன் பெயரிலேயே ஓர் இணையத்தளம் தொடங்கினாள். எழுபத்திரண்டு பாடங்கள். அவளுடைய கை ஒரு வெள்ளைத் தாளில் கணக்கைச் செய்துகொண்டு போகும், குரல் விளங்கப்படுத்தும். கொழும்புத்துறையில் எங்கள் வீட்டின் பின்னறையில், மின்விசிறியை நிறுத்தி, அடுத்த வளவுச் சேவலுக்குப் பயந்து யன்னலைச் சாத்திவிட்டுப் பதிவு செய்வாள். வெளியே வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். கணினி விஷயம் முழுவதும் அவளுடையது. எனக்கு அதைத் திறக்கவும் மூடவும் தெரியும், அவ்வளவுதான்.

பின்னங்கள் பற்றிய பாடத்தில், நடுவில் கதவு கிறீச்சிடும். என் குரல் கேட்கும்: "தேத்தண்ணி ஊத்தட்டோ?"

"பொறுங்கோ. இது முடியட்டும்," என்பாள். பிறகு எதுவும் நடக்காததுபோல, எட்டில் மூன்றோடு நாலில் ஒன்றைக் கூட்டத் தொடங்குவாள். அதை வெட்டியெடுக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லையோ, வேண்டுமென்றே விட்டாளோ தெரியாது. அவள் குரல் என்னோடு பேசுவது இப்போது அந்த ஓரிடத்தில் மட்டுந்தான்.

ஆகவே அந்தக் கடிதத்தில் வேறு எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற வரியை விட்டு என்னால் நகர முடியவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களின் காணிகளைக் கள்ள உறுதிப் பத்திரம் முடித்து விற்ற கதைகள் எங்கள் பக்கத்தில் நிறைய. காணியில் மதிலாவது இருக்கிறது. இந்தப் பெயருக்கு என்ன இருக்கிறது? நாளைக்கு ஒருவன் அவளுடைய பெயரில் சூதாட்டமோ கூடாத படங்களோ போட்டால்? கணக்குப் படிக்க வரும் பிள்ளை அதைப் பார்த்தால்?

கடைசித் திகதி போட்ட கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருக்க என் தலைமுறையால் முடியாது. போர்க்காலத்தில் வீட்டில் இருப்பவர்களின் பெயர்களைக் கொடுக்கச் சொன்ன திகதிகளை நாங்கள் எப்படி எண்ணிக்கொண்டிருந்தோம் என்பது எங்களுக்குத் தெரியும். திகதி தவறினால் யாராவது படலையைத் தட்டுவார்கள். உடம்பு அதை மறக்கவில்லை.

நான் துண்டில் கையொப்பமிடவில்லை. அது அவளுடைய கையொப்பத்துக்கான இடம், இன்னொருவர் அதில் எழுதுவது முறையல்ல. பதிலுக்கு ஒரு கடிதம் எழுதினேன். தங்கள் கடிதம் கிடைத்தது, குறிப்பிட்ட அம்மையார் காலமாகிவிட்டார், உறுதிப்படுத்திய மரணச் சான்றிதழ் இத்துடன், பெயரைக் கணவனாகிய எனக்கு மாற்றுவதற்கான நடைமுறையை அறியத்தரவும் என்று எழுதி, என் விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பற்றுச்சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தபோது நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. பன்னிரண்டாவது இடத்துக்கும் அறிவித்தாயிற்று.

இருபத்துமூன்று நாட்கள் ஒன்றும் இல்லை. பிறகு தொலைபேசி வந்தது.

பேசியவன் மிகவும் பணிவாக ஆங்கிலம் பேசினான். என் இழப்புக்கு வருந்துவதாகச் சொன்னான். உரிமையாளர் இறந்துவிட்டதால் அந்தப் பெயர் ஆபத்தான நிலையில் இருக்கிறது என்றான். இன்னொரு தரப்பு அதைக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறதாம். கட்டணம் இப்போது கடிதத்தில் இருந்ததைப்போல இரண்டரை மடங்கு. யோசிக்க வேண்டும் என்றேன். தாராளமாக யோசியுங்கள், ஆனால் பெயர் காத்திராது என்றான்.

அதன்பிறகு ஒருநாள்விட்டு ஒருநாள் எடுத்தான். நான் மடிகணினியைத் திறந்து, தளம் இருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். காலை எழுந்ததும், சாப்பாட்டுக்கு முன், பின். எழுபத்திரண்டு பாடங்களையும் விரலால் தொட்டு எண்ணுவேன். ஒருநாள் எழுபத்தொன்று வந்தது. திரும்ப எண்ணினால் எழுபத்திரண்டு. ஞாயிறு ஆராதனையில் போதகர் என்ன பேசினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த இன்னொரு தரப்பு யாராக இருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எடுப்பேன், அட்டையைக் கையில் வைத்திருங்கள், அதுதான் முடிவு என்றான். அந்த வெள்ளிக்கிழமை வங்கி அட்டையை எடுத்து, கடிதத்தின் மேல் வைத்து, நாற்காலியில் இருந்தேன். கையொப்பமிடும் கோட்டில் இனி என் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன்.

மூன்று மணியளவில் மச்சாள் வந்தாள். என் மனைவியின் தங்கை. சாவகச்சேரியில் இருக்கிறாள், அவளும் இளைப்பாறிய ஆசிரியை. மாதத்தில் ஒருநாள் பஸ் ஏறி வந்து, நான் சாப்பிடுகிறேனா என்று குசினியைச் சோதித்துவிட்டுப் போவாள்.

"என்ன அத்தான், பேயறைஞ்ச மாதிரி இருக்கிறியள்? உதென்ன, பாங்கு அட்டையை வைச்சுச் செபம் பண்ணுறியளோ?"

"நீர் முதல் இரும். ஒரு பிரச்சினை."

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அவள் கடிதத்தை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அங்கே சாம்பல் நிறத்தில் நெருக்கமான எழுத்துகள். வழமையான நிபந்தனைகள் என்று நான் வாசிக்காமல் விட்டவை.

"அத்தான், இதை வாசிச்சனீங்களோ?"

"முன்பக்கம் முழுக்க வாசிச்சனான்."

"பின்பக்கத்திலை, இது பில் இல்லை எண்டு அவங்களே எழுதியிருக்கிறாங்கள். கையெழுத்து வைச்சால், அக்கா பதிஞ்ச இடத்திலையிருந்து பெயரைத் தங்கடை கொம்பனிக்கு எடுத்துப்போடுவினமாம். கேட்டனீங்களோ? புதுப்பிக்கிறது இல்லை. இழுக்கிறது."

"அப்ப அவள் இவையளிட்டைப் பதியேல்லையோ?"

"அதைத்தானே நான் கேக்கிறன். இவையளிட்டைத்தான் பதிஞ்சவ எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"கடிதம்."

அவள் என்னைப் பார்த்தாள். "முப்பத்துநாலு வருசம் கச்சேரியிலை இருந்தனீங்கள். ஆரும் வந்து உது என்ரை காணி எண்டு சொன்னால், ஓம் எண்டு எழுதிக் குடுத்தனீங்களோ? காணிப் பதிவகத்திலை தேடிப் பாக்கேல்லையோ?"

இதற்கும் அப்படி ஒரு தேடல் உண்டு என்பது எனக்குத் தெரியாது. அவள் தன் கைத்தொலைபேசியில் ஒரு பக்கத்தைத் திறந்து, தளத்தின் பெயரை எழுத்தெழுத்தாக அடித்தாள். எவரும் பார்க்கலாமாம், காசு இல்லை. திரையில் சில வரிகள் வந்தன, என் மனைவியின் பெயரும் எங்கள் வீட்டு விலாசமும் அதில் இருந்தன. பெயரைப் பதிந்து கொடுத்த நிறுவனம் வேறொன்று. முடியும் திகதி வேறு, இன்னும் பதினாறு மாதங்கள் இருந்தன. வேறு நிறுவனத்துக்கு இழுக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது என்றும் ஒரு வரி இருந்தது.

"பாருங்கோ, அக்கா பூட்டுப் போட்டு வைச்சிருக்கிறா. நீங்கள்தான் கள்ளனுக்கு வீட்டுக்காறி செத்துப்போனா எண்டு பதிவுத் தபாலிலை அறிவிச்சிருக்கிறியள்."

"சேட்டிபிக்கற்றோடை," என்றேன்.

அவள் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "தேத்தண்ணி போடுறன். நாலு மணிக்கு எடுக்கட்டும், நீங்களே கதையுங்கோ. ஒண்டே ஒண்டு கேளுங்கோ. பெயர் இப்ப எந்தக் கொம்பனியிலை பதிஞ்சிருக்கு எண்டு கேளுங்கோ."

நாலு மணிக்குச் சரியாக எடுத்தான். வணக்கம் சொன்னான், அட்டை தயாரா என்றான். தொலைபேசியை மற்றக் கையாலும் பிடித்துக்கொண்டேன். பெயர் தற்போது எந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்று கேட்டேன். அது இப்போது முக்கியமில்லை ஐயா என்றான். எனக்கு முக்கியம் என்றேன். மற்றத் தரப்பு காத்திருக்கிறது என்றான். திரும்ப அதே கேள்வியைக் கேட்டேன். அவன் குரலில் இருந்த பணிவு போய்விட்டது. உங்கள் மனைவியின் பெயருக்கு என்ன நடந்தாலும் பொறுப்பு நீங்கள்தான் என்று சொல்லி வைத்துவிட்டான்.

அந்தக் கடைசி வசனத்துடன் நான் பல நாட்கள் படுத்தெழுந்தேன். பொய் என்று தெரிந்தும் அது போகவில்லை.

அடுத்த வாரம் மச்சாள் திரும்ப வந்தாள். பதினாறு மாதம் இருந்தாலும் அது ஒருநாள் முடியத்தான் போகிறது, உண்மையான நிறுவனத்தின் நினைவூட்டல்கள் அக்காவின் மின்னஞ்சலுக்குத்தான் போகும், அதன் கடவுச்சொல் எங்கள் ஒருவருக்கும் தெரியாது என்றாள். அவர்களுக்கு நாங்களாகவே எழுத வேண்டும். வந்த கடிதத்தில் உள்ள விலாசத்தைத் தொடாமல், பெயரைப் பதிந்து கொடுத்த நிறுவனத்தின் இணைய முகவரியை அவளே கையால் அடித்து அதன் தளத்துக்குப் போனாள். எழுதினோம். இரண்டு நாளில் பதில் வந்தது. உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்று தொடங்கியது. மரணச் சான்றிதழின் பிரதியும் உங்கள் அடையாள அட்டையின் பிரதியும் அனுப்புங்கள் என்று முடிந்தது.

நான் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினேன். "அவனுக்கு அனுப்பினதையேதான் இவனும் கேக்கிறான்."

"இவங்கள் நாங்கள் தேடிப் போனவங்கள், அத்தான். அவங்கள் எங்களைத் தேடி வந்தவங்கள்."

"ரெண்டு பேரும் வருந்துகினம்."

"ஓம், வருந்தத்தான் செய்வினம். அனுப்புங்கோ."

உறுதிப்படுத்திய பிரதிகளில் ஒன்றே மிச்சம் இருந்தது. அதை அவள் படம் எடுத்தாள். அனுப்பும் பொத்தானை அழுத்தச் சொல்லி மடிகணினியை என் பக்கம் திருப்பினாள். என் விரல் போகவில்லை. தேடிப் பார்த்த பக்கத்தை இன்னொருமுறை காட்டச் சொன்னேன். காட்டினாள். நிறுவனத்தின் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். மூன்றாவது முறையும் காட்டச் சொன்னபோது, "அக்கா உங்களோடை எப்பிடி இருந்தாவோ!" என்று எழும்பிக் குசினிக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் அழுத்தினேன்.

பன்னிரண்டு நாட்கள் பிடித்தன. அந்தப் பன்னிரண்டு நாட்களும் நான் கள்ளனிடந்தான் கொடுத்துவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு பெயர் என் கணக்குக்கு வந்தது. பூட்டு அப்படியே இருக்கிறது. முடியும் திகதி தானாகவே நீளும்படி மச்சாள் ஒழுங்கு செய்தாள். உரிமையாளரின் விலாசம் வெளியே தெரியாமல் மறைக்கப்பட்டிருக்கிறது. எனக்குப் பிறகு யார் என்று கேட்டதற்குத் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டாள். அவளுக்கு எழுபத்தொரு வயது. அதையும் நான் எண்ணாமல் இல்லை.

போன மாதம் இன்னொரு கடிதம் வந்தது. அதே கனமான தாள், அதே முத்திரை, இறுதி அறிவித்தல். இந்தமுறை உறையில் இருந்தது என் பெயர். நான்தானே அவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். தபாற்காரர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

அதற்கு நான் பதில் எழுதவில்லை. என் வாழ்நாளில் திகதி போட்ட ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விட்டது இதுதான் முதல் தடவை. அதில் குறித்த கடைசி நாளன்று விடிந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. படலையில் நாய் உரசினாலும் எழும்பிப் பார்த்தேன். நாலு மணிக்கு மடிகணினியைத் திறந்து, பாடங்களை எண்ணி, பின்னங்கள் பற்றிய பாடத்தைப் போட்டேன். கதவு கிறீச்சிட்டது. நான் கேட்டேன். அவள் பொறுக்கச் சொன்னாள். பாடம் முடியும்வரை நாற்காலியை விட்டு எழும்பாமல் இருந்தேன். கடிதம் மேசையில் கிடந்தது. அடுத்த நாள் காலையும் தளம் இருந்தது.