அன்னலட்சுமியின் இருபத்துநாலாவது சாவு

மாலை ஐந்து மணிக்கு ரோஸ்லின் இடது கன்னத்தை முன்னால் விட்டுக்கொண்டு மீன் வாங்கக் கிளம்புகிறாள். அந்தப் பக்கம்தான் எடுப்பு என்று ஐம்பது வருடத்துக்கு முன் ஒரு கேமராமேன் சொன்னது. மரக்காணத்துத் தெருவில் கேமரா இல்லாவிட்டாலும் மீன்காரி இருக்கிறாள். வலது பக்கம் நின்று விலை சொன்னால் ரோஸ்லின் காதில் விழாது. மாதா கோயில் பூசையிலும் அப்படித்தான். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற பெஞ்சில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு ஆண்டவரோடு பேச்சில்லை.

வயது எழுபத்தொன்று. கேட்டால் அறுபத்துநாலு.

உப்பளத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த இருபது வயதில் சினிமா தேடி வந்தது. அவளையல்ல, உப்பை. குவித்து வைத்த உப்பைக் காஷ்மீர்ப் பனிமலையாக எடுத்துப் போக வந்திருந்தார்கள். பனியில் செத்துக் கிடக்க வேண்டிய நடிகை, உடம்பெல்லாம் எரிகிறதென்று எழுந்து காருக்குள் போய்விட்டாள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ரோஸ்லினுக்கு அதே புடவையைக் கட்டிப் படுக்க வைத்தார்கள். மத்தியானம் வரை அசையவில்லை. "நாள் முச்சூடும் உப்புல நிக்கிற ஒடம்பு. படுத்துக்கோன்னா கசக்குதா?" என்பாள் இன்றைக்கும்.

ரோஸ்லின் என்று பேர் போட்டால் கிளப் டான்ஸ்தான் ஆடவேண்டி வரும் என்று அன்னலட்சுமி ஆக்கினார்கள். இருபத்தேழு வயதில், தன்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த கதாநாயகனைப் பெற்றெடுத்தாள். அதன் பிறகு சாவதுதான் தொழில். காசநோய், விஷம், பாம்பு, மகனுக்கு வந்த குண்டு என்று இருபத்துமூன்று தடவை. பிணத்துக்கு வயிறு ஏறி இறங்கக் கூடாது. மேலே விழுந்து அழுகிறவள் ஓங்கிக் கத்தும்போதுதான் மூச்சு இழுத்துக்கொள்ள வேண்டும். வாய்க்குள்ளேயே அழுகிற நடிகைகளோடு நடித்த நாட்களில் நிஜமாகவே போய்ச் சேர்ந்திருப்பாள்.

இப்போது ஒரு டிவி சீரியலில் மூன்று வருடமாக மாமியார். அதில் கடைசி நாலு மாதம் கோமா. கோமாவுக்கும் மாதம் இரண்டு நாள் சென்னைக்குப் போய்ப் படுத்துவிட்டு வந்தாள். வேறு வேலை கிடையாது. போன மாதம் சீரியலின் மேனேஜர் ராஜவேல் போன் செய்தான்.

"அம்மா, ஒரு போட்டோ அனுப்புங்க. நேராப் பாக்குற மாதிரி."

ரோஸ்லினுக்கு விளங்கிவிட்டது. சீரியல்காரர்கள் ஆளைக் கூப்பிட்டு 'நீ செத்துவிட்டாய்' என்று சொல்வதில்லை. போட்டோ கேட்பார்கள். அடுத்த வாரம் அது மாலையோடு சுவரில் தொங்கும்.

"ஏம்பா, என்னை முடிச்சுட்டீங்களா?"

"டைரக்டர் சொல்லிட்டாரும்மா. நான் என்னா பண்றது."

"சாவறதுக்கு நான் அழுவல. இருவத்திமூணு வாட்டி செத்துருக்கேன், ஒருவாட்டிகூட ஆணியில தொங்குனது கெடையாது. கூப்புடு, வந்து படுக்கிறேன். ஒரு சீன் குடு."

"அதெல்லாம் இல்லம்மா. போட்டோ போதுமாம்."

ரோஸ்லினும் அனுப்பினாள். தங்கச்சி மகள் சில்வியாதான் எடுத்தாள். முதல் படத்தில் பல்செட் முழுவதும் தெரிந்தது. சிரிக்காமல் ஒன்று கேட்டான் ராஜவேல். அடுத்ததில் கண் மூடியிருந்தது. மூன்றாவதில் நாக்கு.

"பெரிம்மா, சீரியல்லேந்தே வெட்டி எடுத்துக்குவாங்க," என்றாள் சில்வியா.

"எடுக்கட்டும்."

எடுக்கத்தான் பார்த்தார்கள். மூன்று வருடத்து எபிசோடுகளிலும் இடது கன்னம்தான் இருந்தது. கோமாவில் முகத்தை மாஸ்க் மூடியிருந்தது. செத்துப்போன மாமியார் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிற மாதிரி சுவரில் தொங்க முடியாது. நாலாம் நாள் ராஜவேல் மறுபடி கூப்பிட்டான்.

"வியாழக்கெழமை காலையில ஏழு மணிக்கு வந்துடுங்கம்மா. ஆஸ்பத்திரி செட்டு. வர்றப்ப அந்த போட்டோ..."

"செத்துட்டு தர்றேன்."

நேற்று ஏழரை மணிக்கு அந்த எபிசோடு வந்தது. உப்பளத்து வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்த எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள், டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். செத்தவளே பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள் என்பது அவளுடைய துக்கத்தைக் குறைக்கவில்லை. டிவியில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். மருமகள் கத்திக்கொண்டு மேலே விழுந்தாள். வெள்ளைத் துணி முகத்தை மூடியது. துணிக்கு வெளியே கிடந்த கையின் சுண்டுவிரல், மெல்ல மடங்கி நிமிர்ந்தது.

கொளஞ்சியம்மாள் அழுகையை நிறுத்தினாள். "எக்கா, வெரலு ஆடுது."

"பெரிம்மா, டைரக்டர் பாக்கலியா?" என்றாள் சில்வியா.

"அவரு மருமவ மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தாரு. நாளைக்கு அந்தம்மா சாவலியான்னு ஊரே கேக்கும், அப்பப் பாத்துக்குவாரு."

ரோஸ்லின் மடியிலிருந்த முறுக்குத் தூளைத் தட்டிவிட்டு எழுந்தாள். போனில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறதென்று பார்த்தாள். ரிங் சத்தத்தை முழுவதும் ஏற்றி, சார்ஜரில் செருகினாள்.