சிவப்பு வரியை அழிக்க மறுத்தவர்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வெம்பக்கோட்டைச் சாலையிலுள்ள ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஆர்டர் பார்க்கும் பணியில் இருக்கிறேன். வியாபாரிகள் கைபேசியில் அனுப்பும் ஆர்டர்களை ஏற்கும் இணையச் சேவையைச் சோதிக்க, சீசனுக்கு முன் ஒருவர் வந்தார். ஒல்லியான உருவம், நரை கலந்த தாடி. கணினியின் கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்வார். சோதனை ஆர்டர்கள் தாமாகவே செல்லும். பதில் சரியெனில் பச்சை வரியும், தவறெனில் சிவப்பு வரியும் தோன்றும். அது ஓடி முடியும்வரை நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

"ஏன் பாக்க மாட்டேங்கிறீக?" என்று கேட்டேன்.

"திரியில தீய வச்சுட்டு யாராச்சும் குனிஞ்சு பாப்பாகளா அண்ணாச்சி?" என்றார்.

ஒருநாள் ஒரு வரி சிவப்பாகவே நின்றது. சோதனைக்காக, மழையால் ஆலையை மூடியதாகக் குறித்த பின்னும் சேவை ஆர்டரை ஏற்றுக்கொண்டிருந்தது. திருத்த நேரமில்லை என்ற மேலாளர், முதலாளி பார்க்குமுன் அந்தச் சோதனையையே நீக்கச் சொன்னார்.

"நான் நீக்க மாட்டேன் சார். மழை பெஞ்சா, ஆர்டர் போட்டவுகளுக்கு ஊதுபத்தியவா அனுப்பப் போறீக?"

மேலாளர் சிரிக்கவில்லை. அன்று மாலையே அம்மனிதரை அனுப்பிவிட்டு, சோதனையையும் வேறொருவரைக் கொண்டு நீக்கினார்.

தீபாவளி நெருங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. ஆலை மூடிக் கிடக்க, ஆர்டர் ஏற்கப்பட்டதை நம்பி வந்த சிறு கடைக்காரர்கள் வெறும் வேன்களோடு திரும்பினர். அவர்களிடம் விற்பதற்கு வேறு சரக்கு இல்லை.

அவரை 'டெஸ்டிங் சார்' என்றே அழைத்து வந்தோம்; பெயர் எனக்குத் தெரியாமலே போயிற்று. இங்கு அவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆகையால் இக்கடிதத்தைத் தங்கள் காப்பகத்திலேனும் பாதுகாத்து வைக்குமாறு வேண்டுகிறேன்.