ஏழாம் நம்பர் வேர்

ஆரஞ்சு ஆராய்ச்சிப் பண்ணையில் அவனை எல்லோரும் ‘டேப்பு’ என்றுதான் கூப்பிட்டார்கள். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்கும். பன்னிரண்டு வகை வேர்ச்செடிகளின் மேல் ஒரே ஆரஞ்சு வகையை ஒட்டுக்கட்டி, எந்த வேர் மரத்தை நன்றாகத் தாங்குகிறது என்று பத்து வருடம் பார்க்க வேண்டும். வருடாவருடம் ஒட்டுக்கு மேலும் கீழும் சுற்றளவு எடுப்பதும் பழங்களை நிறுப்பதும் அவன் வேலை.

கன்றுகளை அவனோடு சேர்ந்து ஒட்டுக்கட்டியவள் ஒருத்தி. அவன் பட்டையைக் கீறுவான், அவள் மொட்டைச் செருகிச் சுற்றுவாள். மூன்று மாதம் முதுகு ஒடிந்தது, அவள் பேச்சு மட்டும் ஓயவில்லை. கன்றோடு பேசுவதில் பாதியாவது மனுஷர்களோடு பேசலாமே என்று கேலி செய்வாள். அவன் சிரித்துக்கொள்வான். இதே சோதனையை மலைப்பக்கத்துப் பண்ணையிலும் நடத்த அவளை மாற்றிய பிறகுதான், தன் பக்கத்து முக்காலி காலியாகக் கிடப்பது அவனுக்கு உறைத்தது.

அறுவடை முடிந்ததும் இருவரும் போனில் கணக்குகளை ஒப்பிடுவார்கள். எண்கள் தீர்ந்துவிடும். போனை வைக்க மட்டும் இருவருக்கும் மனம் வராது.

ஆறாவது வருடம் மழை கொட்டித் தீர்த்தது. வேரழுகலில் பாதி மரங்கள் போயின. பிசின் வழிந்த அடிமரங்களைப் பார்த்துவிட்டு, வழக்கமில்லாத நாளில் அவளைக் கூப்பிட்டான்.

“சாப்பிட்டீங்களா?” என்றாள் அவள்.

அவன் சட்டென்று கேட்டான்: “இங்க வந்துடுறீங்களா? நாம கல்யாணம் பண்ணிக்கலாம்.”

அவள் சொன்னாள்: “எனக்கும் ஆசைதான். ஆனா மரங்களைப் பாதியில விட்டுட்டு எப்படி வர்றது? நீங்க விடுவீங்களா?”

விடமாட்டான். இருந்தாலும் மாறுதல் கேட்டு எழுதினான். பிழைத்த மரங்களின் கதை அவனைத் தவிர யாருக்கும் தெரியாது, முடித்துவிட்டுப் போ என்றார் மேலதிகாரி.

இன்னும் நான்கு அறுவடைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு போன். இங்கேயும் அங்கேயும் பன்னிரண்டு வகையில் ஏழாம் நம்பர் வேர்தான் நன்றாகத் தாங்கி நின்றது. அறிக்கை அனுப்பிய வாரமே ஒற்றைப் பெட்டியோடு மலைப்பக்கத்துக்குப் பஸ் ஏறினான்.

பண்ணை வாசலில் அவள் நின்றிருந்தாள். முன்தலை நரைத்திருந்தது.

“இளைச்சுட்டீங்க,” என்றாள்.

பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.