முன்வாசலில் கிடந்த செருப்பு

பாளையங்கோட்டையில் ஒரு மாடி ஆபீஸ். அங்கே செய்த டெக்ஸ்ட் கேமில் பிழை திருத்தவும் கடைசி டெஸ்டிங் பார்க்கவும் என்னை வைத்திருந்தார்கள். படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். ‘வடக்கே போ’, ‘விளக்கை எடு’ என்று நாம் டைப் அடிக்க அடிக்கக் கதை நகரும். தாமிரபரணிக் கரையில் காணாமல் போன கோயில் மணியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் ஆட்டம்.

எழுத்துப் பிழை பார்ப்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அது முடிந்துவிட்டது. மறுநாள் காலையில், பணம் போட்ட அண்ணாச்சி வந்து ஆடிப் பார்ப்பதாக ஏற்பாடு. அவருக்குப் பிடிக்காவிட்டால் ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான். கேம் வெளியே போக என் ‘ஓகே’ வேண்டும்.

நான் விடை தெரிந்தவளாக ஆட மாட்டேன். அந்த இடத்தில் நிஜமாக நின்றால் என்ன செய்வேனோ அதைத்தான் அடிப்பேன். கோயில் வாசல் வந்ததும் ‘செருப்பைக் கழற்று’ என்று அடித்தேன். கேம் கழற்றி வைத்தது. உள்ளே போய் அங்கிருந்த ஒரு சாவியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தால், கதவு சாத்திக்கொண்டது. எதிரே உடைமுள் காடு. செருப்பில்லாமல் ஓர் அடி வைக்க விடவில்லை, திரும்பவும் வழியில்லை. மரியாதை தெரிந்தவன் அத்தோடு மாட்டிக்கொண்டான்!

முதலாளி செல்வத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். என்னைவிட வயதில் சின்னவர். கேமை எழுதியவரும் அவர்தான்.

“அங்கன போயி செருப்பக் கழத்துன்னு யாரு அடிக்கப் போறாக்கா? நாங்க எல்லாரும் ஆடிப் பாத்தாச்சு. ஓகே போடுங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“உங்க செருப்பு எங்கன கெடக்கு தம்பி?”

குனிந்து தன் காலைப் பார்த்தார். எங்கள் ஆபீஸில் எல்லாருடைய செருப்பும் மாடிப்படியில்தான் கிடக்கும். ஆபீஸுக்கே கழற்றுகிறவர்கள் கோயிலுக்குக் கழற்ற மாட்டார்களா? மனிதர் போய் கேமின் புரோகிராமைத் திறந்தார். பின்வாசலிலிருந்து முன்பக்கம் சுற்றிப் போக ஒரு வழி வைத்தார். அங்கே வரும் வரியை என்னையே எழுதச் சொன்னார்.

மறுநாள் அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். கோயில் வாசலில் யோசிக்கக்கூட இல்லை. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி ‘செருப்பைக் கழற்று’ என்று அடித்தார். செல்வம் திரும்பி என்னைப் பார்த்தார். பின்வாசலில் என் வரி வந்தது: ‘உன் செருப்பு முன்வாசலில் கிடக்கிறது. எவனாவது மாட்டிக்கொண்டு போவதற்குள் சுற்றிப் போய் எடுத்துக்கொள்.’

அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார்.

“இது நம்மூரு ஆளு எழுதுனதுதான் வே. அடுத்தத எப்ப ஆரம்பிக்கிய?”

டெஸ்டிங்குக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வழி தெரிந்தவர்களாக ஆடாதீர்கள். கேமின் கடைசியில் என் பெயர் பொடி எழுத்தில் வரும். வந்துவிட்டுப் போகட்டும். கோயில் பின்வாசலில் வரும் அந்த ஒரு வரி என்னுடையது.