சி ஸ்பேனர் என்னிடம், பைப் பேரையூரில்

1. பார்த்துட்டேன் என்று சொன்ன வண்டி

அப்போது வில்லாபுரத்தில் எங்கள் பைக் ஒர்க்‌ஷாப். நானும் தவமணியும் பார்ட்னர்கள். அன்று ஒரு வண்டிக்குக் கோன் செட் மாற்றினேன். ஹேண்டில் திரும்புகிற கழுத்துக்குள் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருக்கும் கிண்ணங்களும் குண்டுகளும்தான் கோன் செட். புதுசு போட்டால் முதலில் நன்றாக இறுக்கி உட்கார வைத்துவிட்டு, அப்புறம் ஹேண்டில் லேசாகத் திரும்பும் அளவுக்குக் கொஞ்சம் தளர்த்த வேண்டும்.

இறுக்குவது நான், பார்ப்பது தவமணி. அதுதான் கடைப் பழக்கம். நான் முன்னால் குந்தி, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்து ஆட்டுவேன். அவன் கழுத்தில் உள்ளங்கையை வைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பான், பிறகு ஹேண்டிலைத் திருப்பிப் பார்ப்பான். அவன் "ம்" சொல்லாமல் எந்த வண்டியும் வெளியே போகாது.

அன்று கஸ்டமர் தலைமேல் நின்றார். "அண்ணே, திருமங்கலத்துல விசேஷம்ணே. இன்னும் எம்புட்டு நேரம்ணே?"

டீ குடித்துவிட்டு வந்த தவமணி, "கை வச்சுப் பாக்கவா மாப்ள?" என்றான்.

"நான் பாத்துட்டேன். நீ ட்ரையல் எடு."

பார்க்கவில்லை. அவசரத்தில் இறுக்கியதோடு விட்டிருந்தேன், தளர்த்தவில்லை. புதுசு போட்டால் ஹேண்டில் கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும் என்று அவனும் என் பேச்சை நம்பி எடுத்துப் போனான். அவனியாபுரம் ரோட்டு வளைவில் ஹேண்டில் மடங்கவில்லை. நேராகப் பள்ளத்தில் இறங்கினான். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

நான் வண்டியைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்ததும் செய்த முதல் வேலை, யாரும் பார்க்காமல் கழுத்து நட்டைத் தளர்த்தியதுதான். ஆஸ்பத்திரியில் போய், "ஸ்பீடாப் போயிருப்ப" என்று அவனிடமே சொன்னேன். அவன் என் முகத்தை ஒரு தடவை பார்த்தான்.

2. பிரித்த சாமான்கள்

தவமணியின் கட்டைப் பிரித்த பிறகும் அந்தக் கையால் பழையபடி சுத்தியல் பிடிக்க முடியவில்லை. கடையில் எங்களுக்குள் பேச்சும் குறைந்துபோனது. கடைசியில் மூடிவிடலாம் என்றான். சாமான்களைப் பிரித்தோம்.

கோன் செட் வேலைக்கு இரண்டு ஸ்பெஷல் சாமான் வேண்டும். நட்டைக் கொக்கி போட்டுத் திருப்ப சி ஸ்பேனர். கீழ்க் கோனை ஃபோர்க் தண்டில் நேராக அடித்து இறக்க, தண்டுக்குப் பொருந்துகிற கனமான பைப். நான் ஸ்பேனரை எடுத்தேன். அவன் பைப்பை எடுத்தான். ஒன்றில்லாமல் மற்றது எதற்கு என்று இருவருக்கும் தெரியும். வீம்புக்கு எடுத்தோம். அவன் சொந்த ஊரான பேரையூருக்குப் போனான், நான் திருநகரில் இருக்கிறேன்.

3. பிடிக்க ஒரு ஆள்

போன மாதம் என் வண்டியிலேயே ஹேண்டில் நடுவில் வந்ததும் சிக்கி 'கட்' அடிக்க ஆரம்பித்தது. குண்டு உட்கார்ந்து உட்கார்ந்து கிண்ணத்தில் குழி விழுந்தால் அப்படித்தான். வீட்டு வாசலிலேயே பிரித்தேன். பழையதைத் தட்டி எடுத்தேன், கிரீஸ் வைத்துக் குண்டுகளை அடுக்கினேன், எல்லாம் சரி. கீழ்க் கோன்தான் இறங்கவில்லை. வீட்டில் கிடந்த குழாய்த் துண்டு வாய் அகலம். ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினேன். கோன் சாய்ந்தது. கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

லேத் பட்டறையில் சொன்னால் அரை மணி நேரத்தில் பைப் வெட்டித் தருவார்கள். எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு வேண்டியது பைப் இல்லை. தவமணியைப் பார்க்க வேண்டும். கழுத்தில் கை வைத்துக்கொண்டு அவன் "ம்" என்று சொல்வதைக் கேட்க வேண்டும். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போனை எடுத்தேன்.

"பைப் இருக்கா மாப்ள?"

"இருக்கு. காத்துக்குக் கதவு அடிக்காம அண்டக் குடுத்து வச்சிருக்கேன். வண்டியைப் பிரிச்சுப் போட்டியா?"

"ஆமா."

"வாரேன். நீயா ஸ்க்ரூடிரைவரை வச்சுத் தட்டிக்கிட்டு இருக்காத."

மறுநாள் காலை பஸ்ஸில் வந்தான், பைப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு. அவன் பைப்பைப் பிடித்தான், நான் அடித்தேன். நாலே அடி, கோன் உட்கார்ந்தது. மாட்டி, இறுக்கி, தளர்த்தினேன். எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கினோம். நான் குந்தி ஃபோர்க்கைப் பிடித்தேன். அவன் கழுத்தில் கை வைத்தான். முறிந்த கைதான். மணிக்கட்டு லேசாக வளைந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அன்னைக்கு நான் பாக்கவே இல்ல மாப்ள. பாத்துட்டேன்னு பொய் சொன்னேன்."

"தெரியும்."

"எப்படி?"

"விழுந்த வண்டியை ஒத்தக் கையாலதான தூக்குனேன். ஹேண்டிலு கல்லு மாதிரி இருந்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன். இம்புட்டு நாளாக்கிட்டியேடா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆட்டுறா" என்றான். ஆட்டினேன். பிறகு ஹேண்டிலை நடுவில் வைத்துவிட்டு விரலால் லேசாகத் தொட்டான். அது தானாகச் சாய்ந்து ஓரத்தில் போய் நின்றது.

"ம்" என்றான்.

வீட்டில் இந்த வேலை செய்ய நினைக்கிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். சாமான் எல்லாம் கடையில் கிடைக்கும். கழுத்தில் கை வைக்க இன்னொரு ஆளைக் கூப்பிடுங்கள். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சாயங்காலம் அவனை பஸ் ஏற்றிவிடப் போனேன். பைப்பை மறுபடி துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டான். "கதவு அடிக்கும்ல" என்றான். நானும் லேத்துக்குப் போய் இன்னொரு பைப் வெட்டிக்கொள்ளவில்லை.