டயர் கம்பெனியும் என் பத்து விரலும்

எளாவூர் சாலையில் நான் வேலை பார்க்கும் இடத்தை ஊரில் எல்லோரும் டயர் கம்பெனி என்பார்கள். அங்கே ஒரு டயர்கூடச் செய்வதில்லை. லாரியில் வந்து இறங்கும் தேய்ந்த டயர்களைக் கம்பி பிரித்து, துண்டு போட்டு, பொடியாக அரைத்து, எண்ணெய் சேர்த்து வேகவைத்து, கடைசியில் கறுப்புத் தகடாக்கி மறுபடியும் ரப்பர் என்று அனுப்புவார்கள். என் இடம் சல்லடை. மெஷின் உதறி உதறிப் பொடியைச் சலிக்கும். அதன் வாய்க்குக் கீழே சாக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை அது உதறும், கூடவே நானும்.

அதற்கு முன்னால் தோணிரேவுப் பக்கம் அக்காவோடு ஏரியில் இறால் தடவிக்கொண்டிருந்தேன். வலை கிடையாது. தொடையளவு தண்ணீரில் குந்தி நகர்ந்தபடி சேற்றை விரலால் துழாவ வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. வழுக்குவது இறாலா, குத்துவது கெளுத்தியா, கை சொல்லிவிடும். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வோம். கெளுத்தி முள் ஏறினாலும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் பறி விழும், அன்றைய பாடு தண்ணீரோடு போகும்.

அந்தப் பழக்கம் கம்பெனிக்கும் கூடவே வந்தது. சாக்கு கட்டும் சணலைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் நிற்பேன். மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்வார்.

"இன்னாம்மா, அது கரும்பா? துப்பு! பூரா ரப்பர் தூளு."

துப்புவேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி கடிப்பேன்.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மண் மூடி இறால் ஏறாமல் போனதால்தான் இந்த வேலைக்கு வந்தேன். அது திறந்ததும் ஏரிக்கே திரும்பிவிடுவேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அந்த ஒரு நினைப்பில்தான் சல்லடை முன்னால் நாளைத் தள்ளினேன்.

விரல் எப்போது மரத்தது என்று சரியாகத் தெரியாது. முதலில் சாயங்காலம் மட்டும் மரத்திருந்தது, பிறகு காலையிலும். ஜாக்கெட் கொக்கியைக் குனிந்து பார்த்துத்தான் மாட்ட முடிந்தது. ஒரு நாள் கொதிக்கிற டீ டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவள்தான் பிடுங்கிக் கீழே வைத்தாள். நான் பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை. வேலையை விட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

மழைக்குப் பிறகு முகத்துவாரம் திறந்தது. சனிக்கிழமை மேஸ்திரியிடம் இனி வரமாட்டேன் என்றேன். அவர் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போய்ட்டு வா. ஒன் எடம் இங்கியேதான் கீது."

ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு ஏரியில் இறங்கினேன். பறியைக் கடித்ததும் ஈர ஓலை வாசம் வந்தது. சந்தோஷமாக இருந்தது. கையைச் சேற்றில் விட்டேன். சேறு சில்லென்று இருப்பதை முழங்கை சொன்னது. விரல் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவின் பறி கனத்துக்கொண்டே போனது. நான் அவள் பின்னாலேயே நகர்ந்து துழாவினேன். ஒரு இறால்கூடக் கையில் நிற்கவில்லை.

நெற்றி முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினேன். அக்கா அலறினாள். அவள் பறி தண்ணீரில் விழுந்தது. என் நடுவிரலில் ஒரு நண்டு தொங்கிக்கொண்டிருந்தது. கொடுக்கு சதைக்குள் இறங்கி, ரத்தம் மணிக்கட்டுவரை வழிந்திருந்தது. எவ்வளவு நேரமாகக் கடித்துக்கொண்டிருந்ததோ.

கொடுக்கை உடைத்து எடுத்துவிட்டு அக்கா சிரித்தாள்.

"நாந்தான் வாயத் தொறந்து பறிய விட்டுட்டேன் பாரு. நீ மூச்சு விடலியே! கம்பெனிக்குப் போயும் பழக்கம் மறக்கலடி ஒனக்கு. நாளிக்கு வெள்ளனவே வந்துடு."

கரையில் இருந்தவர்களிடமெல்லாம், என் தங்கச்சி எப்படித் தாங்கிக்கினா தெரியுமா என்று பெருமையாகச் சொன்னாள். எனக்கு வலிக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. வலித்து ஒரு தடவை கத்தியிருந்தால் போதும், ஏரியில் எனக்கு இன்னும் இடம் இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை, விரலில் துணி சுற்றிக்கொண்டு சல்லடை முன்னால் போய் நின்றேன். மேஸ்திரி துணியைப் பார்த்துவிட்டு ஒரு சாக்கை எடுத்து நீட்டினார். மெஷின் உதற ஆரம்பித்தது. சாக்கை இழுத்துப் பிடித்து, சணலைப் பல்லில் கடித்துக்கொண்டேன். அன்றைக்கு அவர் துப்பச் சொல்லவில்லை.